முடிவை முதலில் எழுதிய கதை

கதையும் நாவலும் விமர்சிக்கப்படுகிற இந்தப் பக்கங்களில் இந்தத் தடவை ஒரு கையேட்டை எடுத்துக்கொள்ளப் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுரங்கக் கம்பெனிகளின் உத்தியோகஸ்தர்கள், தாங்கள் தோண்டப் போகிற ஊரின் ஜனங்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது, அந்த ஊரின் முன்னேற்றத்துக்கு எப்படி உதவுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிற புஸ்தகம் அது. ‘சமுதாய வளர்ச்சிக் கருவிப் பெட்டி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சுரங்க, உலோகக் கம்பெனிகளின் சர்வதேசக் கவுன்சிலும் உலக வங்கியும் சேர்ந்து 2005-ல் முதலில் வெளியிட்டபோது அதில் 17 கருவிகள் இருந்தன. 2012-ல் கவுன்சில் கொண்டுவந்த திருத்திய பதிப்பில் அவை 20 ஆயின. கருவி என்றால் கடப்பாரையும் மண்வெட்டியும் அல்ல. மனிதர்களை விசாரிக்கவும் புரிந்துகொள்ளவும் ஆன வழிமுறைகள். மனிதர்களைப் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்ல வருகிற எந்தப் புஸ்தகமும் நாவலாசிரியனுக்கு அந்நியமானது அல்ல. அவன் தொழிலும் அதுதானே?

இதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நண்பர் ஒருவரின் மகன். சமூகப் பணியில் எம்.ஏ. படித்துவிட்டு, வடக்கே ஒரு சுரங்கக் கம்பெனியில் ஊராரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் அதிகாரியாக இருக்கிறான். விடுமுறைக்கு ஊட்டிக்கு வந்தவன், நான் லவ்டேலில் இருப்பது தெரிந்து பார்க்க வந்தான். “மாமா, எங்களுக்கு டிரெயினிங் குடுக்கிறப்ப இதை வெச்சுத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நீங்க கதை எழுதறவர். படிச்சுப் பார்த்து என்ன தோணுதுன்னு சொல்லுங்க” என்றான். தோன்றியதை அவனுக்குக் கடிதமாக எழுதலாம். ஆனால் இது அவன் ஒருவனைப் பொறுத்த விஷயம் இல்லை. மின்சார விளக்கில் படிக்கிற நம் எல்லோரையும் பொறுத்த விஷயம்.

இப்படி ஒரு பயிற்சி ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு நான் தூரதேசம் போக வேண்டியதில்லை. லவ்டேலிலிருந்து ஊட்டி, கூடலூர் வழியாகப் போனால் இதே நீலகிரி ஜில்லாவில் தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள் வருகின்றன. இன்று தேயிலை பார்க்கிற அந்தச் சரிவுகளில் 1880-ஐ ஒட்டிப் பொன் பார்த்தார்கள். பிரோ ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய அநுபவம் உள்ள நிபுணர் வந்து, பாறையில் தங்கம் இருக்கிறது என்று எழுதினார். லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. பங்குகள் பறந்தன. இரண்டு மூன்று வருஷங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. அந்தக் காடுகளில் பணியரும் குறும்பரும் வாழ்ந்தார்கள். இங்கே தோண்டலாமா என்று அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா? கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. நஷ்டக் கணக்கு எழுதியவர்கள் லண்டன் பங்குதாரர்களின் நஷ்டத்தைத்தான் எழுதினார்கள்.

அதிலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம் என்பதை மறுக்க முடியாது. இன்று கேட்கிறார்கள். கேட்பதற்கென்று ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2015-ல் வந்த திருத்தச் சட்டத்தின்படி சுரங்கங்கள் உள்ள ஜில்லாக்களில் கனிம அறக்கட்டளைகள் ஏற்பட்டு, சுரங்கக்காரர்கள் அவற்றுக்குப் பணம் செலுத்துகிறார்கள். பணம் வந்தால் அதைச் செலவு செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் கையேடு வேண்டும். ஆகவே இந்த ரகப் புஸ்தகங்களுக்கு இனிமேல் குறைவிருக்காது. விமர்சனமும் வேண்டியதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கையேடு யோக்கியமான எண்ணத்தோடு எழுதப்பட்டது. சுரங்கம் ஒருநாள் மூடப்படும், ஊர் அதற்குப் பிறகும் இருக்க வேண்டும் என்ற நினைப்பு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அதில் இருக்கிறது. ஊரின் படத்தை ஊராரையே போடச் சொல் என்று ஒரு கருவி சொல்கிறது. இது அருமையான யோசனை. சர்வேயர் போடுகிற படத்தில் எல்லைக் கல் இருக்கும். தண்ணீர் எடுக்கப் பெண்கள் போகிற ஒற்றையடிப் பாதை இருக்காது. தாசில்தார் ஆபீசில் ‘புறம்போக்கு’ என்று இரண்டு அங்குல இடமாகத் தெரிவது, ஊரார் போடுகிற படத்தில் மாடு மேய்கிற இடமாகவும் ஐயனார் கோயிலாகவும் பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடமாகவும் இருக்கும். ஊரின் குறைகளை ஊராரே சொல்லட்டும், அவற்றுள் எது முந்தி எது பிந்தி என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும் என்கிறது இன்னொரு கருவி. புகார் சொல்ல ஒரு வழி வை, வந்த புகாருக்குப் பதில் சொல் என்கிறது வேறொன்று. இதையெல்லாம் மனப்பூர்வமாகச் செய்கிற அதிகாரி ஒருவன் ஊருக்கு வந்தால் அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைக்கலாம்.

ஆனால் புஸ்தகத்தின் பாஷையில் ஒரு கோளாறு இருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்க்கிறபோது அது வெளியே தெரிகிறது. ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதைத் தமிழில் பலர் ‘பங்குதாரர்’ என்றே எழுதிவிடுகிறார்கள். பங்குதாரர் என்றால் யார்? கம்பெனியில் பங்கு வாங்கியவர். லாபம் வந்தால் அவருக்கு ஈவுத்தொகை வரும். பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டு வேறு இடம் பார்ப்பார். நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கிற விவசாயிக்கு இதில் பங்கு எங்கே இருக்கிறது? இழக்கிறவனையும் சம்பாதிக்கிறவனையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், இருவருடைய கவலையும் ஒன்றுதான் என்ற மயக்கம் படிக்கிறவனுக்கு உண்டாகிறது. பிறகு கட்டம் போட்ட அட்டவணை ஒன்று: யாருக்குச் செல்வாக்கு அதிகம், யாருக்குக் குறைவு, யாரைத் திட்டம் அதிகம் தொடும் என்று மனிதர்களைக் கட்டங்களில் உட்கார வைப்பது. பிரசிடென்ட் ஒரு கட்டம். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஒரு கட்டம். குத்தகைக்கு உழுகிறவனும், களை பறிக்கப் போகிற கிழவியும் செல்வாக்குக் குறைந்த மூலைக்குப் போகிறார்கள். நல்ல நாவல்கள் பல அந்த மூலையிலிருந்துதான் ஆரம்பமாகியிருக்கின்றன என்பதைப் பயிற்சி ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

இவை சில்லறைக் குறைகள். என்னுடைய பெரிய ஆட்சேபம் வேறு.

நண்பரின் மகனிடம் ஒன்று கேட்டேன். “எல்லாம் சரிப்பா. ஊர் முழுக்கக் கூடி, ‘எங்களுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம், உங்க சுரங்கமும் வேண்டாம், போயிட்டு வாங்க’ன்னு சொல்லிட்டா, நீ ரிப்போர்ட்ல என்ன எழுதுவே?”

அவன் கொஞ்சம் சிரித்தான். “‘மேலும் விழிப்புணர்வு தேவை’ன்னு எழுதுவோம், மாமா.”

அவன் கெட்டிக்காரன், கெட்டவன் அல்ல. தன் பதிலில் இருக்கிற வேதனை அவனுக்கே தெரிந்திருந்தது. வேறு எப்படி எழுத முடியும்? தோண்டுவது என்று மேலே முடிவாகிவிட்டது. இயந்திரங்களுக்கு ஆர்டர் போய்விட்டது. அதன் பிறகு அவனை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊரார் சம்மதித்தால் அது வெற்றி. மறுத்தால் அது விழிப்புணர்வுக் குறைவு. மறுப்பை மறுப்பாக எழுதிக்கொள்ள அவன் கையிலிருக்கிற பாரத்தில் இடமே இல்லை.

கவுன்சிலுக்கு இந்தச் சங்கடம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2013-ல் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆதிவாசிகளின் பூமியில் தோண்டப் போகிற அங்கத்தினர் கம்பெனிகள் அவர்களுடைய சம்மதத்தைப் பெறப் பாடுபட வேண்டும் என்றது. நல்ல வார்த்தைதான். ஆனால் பெறப் பாடுபடுவது வேறு, பெறாவிட்டால் திரும்பி வருவது வேறு. பெறாவிட்டாலும் சர்க்கார் வேண்டுமென்றால் தோண்டச் சொல்லலாம், அப்போது அந்த வேலையில் நீடிப்பதா என்பதைக் கம்பெனி யோசித்துக்கொள்ளும் என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். முடிவை முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுதப்படுகிற நாவல் ஒன்று உண்டு. அதில் கதாநாயகி கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார். அவள் அழட்டும், வாதாடட்டும், பட்டினி கிடக்கட்டும், இருபதாவது அத்தியாயத்தில் மாலையும் கழுத்துமாக நிற்பாள். அப்படிப்பட்ட நாவலில் பாத்திரங்கள் எவ்வளவுதான் பேசினாலும் உயிரோடு இருப்பதில்லை. அவர்கள் பேச்சு எதையும் மாற்றாது என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊராருக்கும் அது தெரிந்துவிடுகிறது. நோட்டுப் புஸ்தகத்தோடு வருகிற பையனின் முகத்தைப் பார்த்தே, இவன் கேட்டுக்கொண்டு போகிறவன், மாற்றக்கூடியவன் அல்ல என்று அளந்துவிடுகிறார்கள். பிறகு அவனிடம் பேசுவதெல்லாம் பேரமாகத்தான் இருக்கும்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சுரங்கக் கதைகளில் அதுதான் பெரியது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கறுப்பாக ஏதோ கலந்து வந்தது என்பதும், பிறகு நிலத்தைத் தானமாகவே கொடுத்தார் என்பதும் நம் ஊரில் எல்லோரும் சொல்லக் கேட்டது. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து வெட்டு வேலையை ஆரம்பித்து வைத்தார். அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு கொடை இருக்கிறது; நாட்டுக்கு வெளிச்சம் வரட்டும் என்று நிலம் கொடுத்த மனசு இருக்கிறது. அறுபத்தாறு வருஷங்களுக்குப் பிறகு, 2023 ஜூலை 26-ந் தேதி, அதே கம்பெனிக்காக வளையமாதேவியில் மண்வெட்டி இயந்திரங்கள் பயிர் நின்ற நெல் வயலில் இறங்கின. இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பி விட வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் உண்டு: நிலம் பல வருஷங்களுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டது, நஷ்டஈடு கொடுக்கப்பட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று சொல்லியும் இருக்கிறோம் என்றார்கள். விவசாயிகளுக்கோ, கொடுத்த தொகை போதாது, சொன்ன வேலைகள் வரவில்லை என்ற தாபம். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அறுவடை ஆகிற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி கேட்டார். பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

இதில் என்னை உறுத்துவது சட்டப் பிரச்னை அல்ல. பத்து வருஷத்துக்கு மேல் கைவசம் இருந்த நிலத்தில் வாய்க்கால் வெட்ட இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நெல் வீட்டுக்குப் போயிருக்கும். பால் பிடிக்கிற பயிரின் மேல் இரும்புச் சக்கரம் ஏறுவதைத் தமிழ்நாட்டில் பிறந்த யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது, பயிற்சி இல்லாதவனுக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்த வரப்பில் நின்ற உத்தியோகஸ்தர்களிலும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தவனுக்கு, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லுகிற அதிகாரம் இல்லை. இருபது கருவிகளும் கையில் இருந்தாலும் அந்த ஓர் அதிகாரம் இல்லாதவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ராஜம் கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். கணவருக்கு மின்சார இலாகாவில் வேலை. அதனால் நீலகிரியில் வாழ நேர்ந்தது. வாழ்ந்த இடத்தின் படகர்களிடையே பழகி, அவர்கள் வாழ்க்கை மாறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். பிற்பாடு தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், உப்புத் தொழிலாளிகளோடு பேசிப் பழகி, ‘கரிப்பு மணிக’ளை எழுதினார். எந்தக் கம்பெனியும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. அவரிடம் இருந்த வசதி ஒன்றுதான். போகும்போது கதை எப்படி முடியும் என்று அவருக்கு உத்தரவு போட யாரும் இல்லை. கேட்டது கதையை மாற்றலாம். முழுசாக மாற்றவும் செய்யலாம். அந்தச் சுதந்திரம் இருக்கிறவனிடம்தான் ஜனங்கள் மனசைத் திறக்கிறார்கள். அவர் நாவல்களில் எனக்குச் சில இடங்கள் செய்திக் கட்டுரை போலத் தட்டையாகப் படுவது உண்டு. ஆனால் கேட்கப் போன இடத்தில் அவர் கேட்டார் என்பதில் சந்தேகம் இல்லை.

ஊரின் பேச்சு முடிவை மாற்ற முடியும் என்பதற்குச் சமீப கால உதாரணங்கள் இரண்டு சொல்கிறேன். ஒரிஸாவில் நியம்கிரி மலையின் பாக்ஸைட்டை எடுக்க வேதாந்தா கம்பெனியின் திட்டம். மலையை டோங்ரியா கோந்த் ஜனங்கள் தங்கள் தெய்வமான நியம் ராஜாவின் இருப்பிடம் என்கிறார்கள். மலையடிவாரத்தில் லாஞ்சிகரில் உருக்காலைக்கு வேண்டிய அலுமினாத் தொழிற்சாலையை முதலில் கட்டிவிட்டார்கள். மலைக்கு அநுமதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்கூட வந்தன. ஆனால் 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கிராம சபைகள் தீர்மானிக்கட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வேண்டாம் என்ற சொல்லை எழுதிக்கொள்ள அங்கே ஒரு பாரம் இருந்தது, ஒரு ஜில்லா நீதிபதி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். அதனால் அது நின்றது.

இன்னொன்று மதுரைக்குப் பக்கத்தில். அரிட்டாபட்டி, பழைய குகைக் கல்வெட்டும் பாண்டியர் காலத்துக் குடைவரையும் உள்ள ஊர். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தின் டங்ஸ்டன் ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போயிற்று. ஏலம் முடிந்தபின் ஊருக்குச் செய்தி தெரிந்தது. ஜனங்கள் கூடினார்கள், 2025 ஜனவரியில் மதுரைக்கு ஊர்வலமாக நடந்தார்கள். அந்த மாதமே மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. நன்றாகத்தான் முடிந்தது. இருந்தாலும் நான் கேட்கிறேன்: ஒரு ஊர் ‘எங்களைக் கேளுங்கள்’ என்று சொல்வதற்காக வேலை வெட்டியை விட்டு ரோட்டில் நடக்க வேண்டுமா? ஏலத்துக்கு முன்னால் ஒருவன் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்குமே.

‘நீர் மின்சாரம் உபயோகிக்கவில்லையா? இரும்பும் அலுமினியமும் இல்லாமல் ரயில் ஓடுமா? எல்லா ஊரும் வேண்டாம் என்றால் நாடு என்ன ஆவது?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா ஊரும் வேண்டாம் என்று சொல்லாது என்பது என் நம்பிக்கை. நிலத்தை மனசாரக் கொடுத்தவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். நெய்வேலியின் ஆரம்பமே அதற்குச் சாட்சி. மறுக்க உரிமை உள்ளவன் கொடுக்கிற சம்மதத்துக்குத்தான் மதிப்பு. அந்த உரிமை இல்லாதவனிடம் வாங்கிய கையெழுத்து, முப்பது வருஷம் கழித்தும் கோர்ட்டு வாசலில் வந்து நிற்கும். கம்பெனியின் லாப நஷ்டத்தை மட்டும் பார்க்கிறவருக்குக்கூட இது கட்டுப்படியாகாத வியாபாரம்.

ஆகவே பயிற்சியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று காரியங்கள் சேர்க்கச் சொல்கிறேன். முதலாவது, பயிற்சி குளிர்சாதன அறையிலும் மலை வாசஸ்தலத்து ஹோட்டலிலும் நடக்க வேண்டாம். ஒரு போகம் முழுக்க, நாற்று விடுவதிலிருந்து களம் தூற்றுகிற வரைக்கும், பயிற்சி பெறுகிறவன் கிராமத்தில் இருக்கட்டும். எந்த மாதத்தில் எதைத் தொடக்கூடாது என்பது அவனுக்குத் தானே தெரியவரும். இரண்டாவது, அவனை நிலம் எடுத்த பிறகு அனுப்பாமல் ஏலத்துக்கு முன்னால் அனுப்புங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ‘இந்த ஊர் வேண்டாம் என்கிறது’ என்று அவன் எழுதினால் அந்த ஒரு வரிக்கு வேலையை நிறுத்திவைக்கிற பலம் இருக்க வேண்டும். அப்படி எழுதியதற்காக அவன் உத்தியோகம் போகக் கூடாது.

இந்த மூன்றாவது இல்லாமல் மற்ற இரண்டும் இருந்தால், நல்ல மனசுள்ள பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பி, அவர்கள் சம்பாதித்த நம்பிக்கையைக் கம்பெனி செலவழித்துவிடும். நண்பரின் மகன் போனவர்கள் இரண்டு பக்கத்துக்கும் அந்நியமாகிப் போவார்கள். ஊரில் அவர்களைக் கம்பெனி ஆள் என்பார்கள்; கம்பெனியில் ஊரார் பக்கம் பேசுகிறவன் என்பார்கள். அந்த இருபது கருவிகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லித்தான் நான் இத்தனை பக்கம் எழுதினேன். ‘வேண்டாம்’ என்று ஊர் சொன்னதை ‘வேண்டாம்’ என்றே எழுதிக்கொள்ள ஒரு காலி இடம் அந்தப் பாரத்தில் வேண்டும்.